சீகன்பால்குவும் சின்ன எழுத்தும்



இந்த மலருக்கு எழுதும்படி என்னை யாரும் கேட்கவில்லை என்ற உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைக் கேட்டது தட்டச்சு செய்து தரத்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேராக இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கலில் சேர்ந்தவள் நான். எங்க வகுப்பில் மூணே பொண்ணுங்க. அதில் தமிழ் டைப்பிங் தெரிந்தது எனக்கு மட்டும்தான். அதனால் மாணவர் மன்றச் செயலாளர் அண்ணன் ஒரு மஞ்சப்பை நிறைய கட்டுரை, கவிதை, துணுக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்து என் முன்னால் கொட்டிவிட்டுப் போய்விட்டார். எண்ணிப் பார்த்தால் 39.

பத்து நாள் ராத்திரி பகலாக அடித்தேன். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில்தான். ஒவ்வொரு தலைப்பையும் தேர்ந்தெடுத்து, தடிமனாக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, நீல நிறம் கொடுத்து, 39 தடவை அதே வேலை. பார்க்க ரொம்ப அழகாகத்தான் இருந்தது. மொத்தம் 83 பக்கம்.

அச்சகத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. 16 பக்கம் ஒரு ஃபாரம். நம்ம மன்றத்தின் கையிலிருந்த பணத்துக்கு நாலு ஃபாரம், அதாவது 64 பக்கம். உள்பக்கம் முழுக்கக் கறுப்பு மை மட்டும். கலர் அட்டைக்கு மட்டும். செயலாளர் அண்ணன் பென்சிலை எடுத்து, எதை எதை எடுத்துவிடலாம் என்று குறிக்க ஆரம்பித்தார். முதல் பெயரே ஒரு முதலாம் ஆண்டுத் தங்கையின் கவிதை. இடைவேளைதோறும் என்னிடம் வந்து, அக்கா அடிச்சாச்சா, அடிச்சாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தவள். அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

மூணு நாள் டைம் கேட்டேன். கம்ப்யூட்டர் லேபில் இருந்த ஐயா ஒருவர், நான் செய்து வைத்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எஃப் 11 பட்டனை அழுத்தச் சொன்னார். பக்கத்தில் ஸ்டைல்ஸ் என்று ஒரு பட்டியல் திறந்தது. தலைப்பு என்றால் இந்த அளவு, இந்த நிறம். உள்ளே வரும் பத்தி என்றால் இந்த அளவு, இந்த இடைவெளி என்று ஒரே இடத்தில் சொல்லி வைத்துவிடலாம். பிறகு அங்கே மாற்றினால் போதும், புத்தகம் முழுக்க மாறும். நான் கையால் செய்த அலங்காரத்தை எல்லாம் கன்ட்ரோல் எம் போட்டு அழித்துவிட்டு, எது தலைப்பு, எது பத்தி, எது கவிதை என்று ஒவ்வொன்றுக்கும் ஸ்டைல் கொடுத்தேன். அதற்கே ஒன்றரை நாள் போயிற்று. பிறகு பத்தி ஸ்டைலில் 14-ஐ 12 ஆக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை! நடுநடுவே இருந்த ஆங்கிலச் சொற்கள் மட்டும் சின்னதாயின. தமிழ் அப்படியே நின்றது. அந்த ஐயாதான் கண்டுபிடித்தார். இந்த மென்பொருள், தமிழ் போன்ற எழுத்துகளுக்குச் சி.டி.எல். என்று தனிக் கணக்கு வைத்திருக்கிறது. அங்கேயும் அளவைத் தனியாக மாற்ற வேண்டும். மாற்றியதும் 83 பக்கம் கண் முன்னாலேயே 66 ஆனது. தலைப்பின் நீலத்தைக் கறுப்பாக்க ஒரு சொடுக்கு. பத்திக்கும் பத்திக்கும் நடுவில் இருந்த இடத்தைக் குறைத்ததும் 60. ஒருத்தர் எழுத்தும் வெளியே போகவில்லை.

மீதி 4 பக்கம் காலி. அதை நிரப்பச் சொல்லித்தான் இப்போது எனக்கு உத்தரவு. அந்த லேப் ஐயா போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். பேப்பர் பத்தாமல் தமிழ் எழுத்தைச் சின்னதாக்கிய முதல் ஆள் நீ இல்லை, முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தரங்கம்பாடியில் ஒருத்தர் செய்துவிட்டார், லைப்ரரியில் போய்ப் பார் என்று. பார்த்தேன். அவர்தான் பர்த்தலோமேயு சீகன்பால்கு. பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்து ஒரு மார்க் வாங்கிய பெயர். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையைத்தான் என்னால் முடிந்த அளவு சொல்லப் போகிறேன்.

ஜெர்மனியில் சாக்சனி நாட்டில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் 1682-ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று பிறந்தவர். அப்பா தானிய வியாபாரி. சின்ன வயதிலேயே தாயும் போய்த் தந்தையும் போய்விட்டார்கள். அக்காவின் பொறுப்பில் வளர்ந்தார். உடம்பும் சரியில்லை. படிப்பு விட்டுவிட்டுத்தான் நடந்தது. ஹாலே என்ற ஊரில் பிராங்கே என்ற பேராசிரியர் அநாதைப் பிள்ளைகளுக்காகப் பெரிய விடுதியும் பள்ளிகளும் அச்சுக்கூடமும் நடத்திவந்தார். அங்கேதான் இவருக்கு வழி பிறந்தது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக், தம் வணிகக் கம்பெனியின் வசம் இருந்த தரங்கம்பாடிக்குச் சமயப் பணிக்கு ஆள் தேடியபோது, இவரும் புளூட்சோ என்ற நண்பரும் தேர்வானார்கள். 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் கப்பல் ஏறி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி கடற்கரையில் இறங்கினார்கள். மறுநாள் அவருக்கு வயது 24.

அவர் வந்தது மதம் பரப்ப. அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதை ஏற்பவர்களும் இருக்கலாம், ஏற்காதவர்களும் இருக்கலாம். என்னைப் பிடித்து இழுத்தது வேறு விஷயம்.

வந்தவருக்குத் தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. கோட்டையில் இருந்த டேனிஷ் அதிகாரிகளுக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. வியாபாரத்துக்குத் தொந்தரவு என்று நினைத்தார்கள். பாடப் புத்தகம் கிடையாது, அகராதி கிடையாது. சீகன்பால்கு என்ன செய்தார் தெரியுமா? ஒரு வயதான திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைக் கண்டுபிடித்து, அவருடைய பள்ளியையே தன் வீட்டில் நடத்தும்படி ஏற்பாடு செய்துகொண்டார். நாலு வயசு, ஐந்து வயசுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். ஐரோப்பாவில் படித்துப் பட்டம் பெற்றவர்களோடு பழகிய ஆள், பொடிசுகளுக்குச் சமமாக உட்கார்ந்து மணலைத் தேய்த்துத் தேய்த்து எழுதுகிறார்!

இதைப் படித்தபோது எனக்கு எங்க அம்மா ஞாபகம்தான் வந்தது. அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். எழுத்து மறந்தே போயிருந்தது. நான் ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்தபோது, ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து என் புத்தகத்தை வைத்து என்னோடேயே திரும்பக் கற்றுக்கொண்டவர். அடுப்படிச் சுவரில் கரியால் எழுதிப் பார்ப்பாங்க. அப்பா திட்டுவார். நான் இரண்டாம் வகுப்பு போனபோது அம்மாவும் இரண்டாம் வகுப்பு. மூணாம் வகுப்பில் நான் வேகம் எடுத்துவிட்டேன். அம்மாவுக்குக் கூலி வேலைக்குப் போகவே நேரம் சரியாக இருந்தது. சரி, கதைக்கு வருகிறேன்.

எழுத்து பிடிபட்டதும் சீகன்பால்கு விடவில்லை. ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். காசு கொடுத்து ஆட்களை அமர்த்திப் பிரதி எடுக்கச் செய்தார். இரண்டே வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைப் படித்து, அவை எதைப் பற்றியவை என்று பட்டியலும் எழுதிவிட்டார். 1707-இலேயே பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார் என்பதையும் இங்கே சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. 1708-இல் பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்க ஆரம்பித்தார். அடுத்த மாதமே கோட்டைத் தளபதி ஹாசியஸோடு தகராறு முற்றி, அவரைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்துவிட்டார்கள். ஒரு ஏழை விதவைக்காகப் பரிந்து பேசப் போனதிலிருந்து வளர்ந்த சண்டை என்கிறார்கள். நாலு மாதச் சிறை. தொடக்கத்தில் பேனாவும் மையும்கூடத் தர மறுத்தார்கள். எழுதுகிறவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது? வெளியே வந்து, 1711 மார்ச் மாதம் மொழிபெயர்ப்பை முடித்தார்.

முடித்து என்ன செய்வது? அதை ஓலையில் பிரதி எடுக்க எத்தனை ஆள், எத்தனை மாதம், எவ்வளவு கூலி! ஓலையில் எழுதுவதும் லேசான வேலை இல்லை. எழுத்தாணியால் கீறும்போது எழுத்து கண்ணுக்கே சரியாகத் தெரியாது. எழுதி முடித்த பிறகு விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்தால்தான் பழுப்பு ஓலையில் கறுப்பாக எழுத்து எழும்பும். நம் முன்னோர்களின் கலர் தீம் அது ஒன்றுதான், நூற்றாண்டுக் கணக்காக மாற்றவே இல்லை!

தமிழை அச்சில் முதலில் ஏற்றியவர் சீகன்பால்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1578-லேயே அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சாகிவிட்டது. ஆனால் அந்த முயற்சி நாளடைவில் நின்றுபோனது. தரங்கம்பாடியில் மறுபடியும் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கம் ஓர் அச்சு இயந்திரத்தையும் அதை ஓட்ட ஃபிங்க் என்ற அச்சுத் தொழிலாளியையும் கப்பலில் அனுப்பியது. அந்த இயந்திரம் வந்த கதையைச் சினிமாவாகவே எடுக்கலாம். பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தில் நின்றபோது, 1711-இல் பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஊரையே தாக்கினார்கள். கப்பல் பிடிபட்டது. சாமான்கள் கொள்ளை போயின. அடித்தட்டில் கிடந்த அச்சு இயந்திரம் மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. மீட்புப் பணம் கொடுத்துக் கப்பலை விடுவித்துக்கொண்டு மறுபடி புறப்பட்டார்கள். வழியில் அந்தத் தொழிலாளி காய்ச்சலில் இறந்துபோனார். 1712-இல் தரங்கம்பாடிக்கு இயந்திரம் வந்தது, ஓட்ட ஆள் வரவில்லை. கடைசியில் கோட்டைச் சிப்பாய்களிலேயே அச்சு வேலை தெரிந்த ஒரு ஜெர்மன்காரர் இருப்பது தெரியவந்து, அவரை வைத்து வேலையைத் தொடங்கினார்கள். ஆனால் கூட வந்தது ரோமன் எழுத்துதான். அதனால் முதலில் போர்த்துகீசிய மொழியில்தான் அச்சடிக்க முடிந்தது.

தமிழ் அச்சுகளை ஹாலேயில் வார்த்தார்கள். தமிழ் தெரியாத கொல்லர்கள், இங்கிருந்து எழுதி அனுப்பிய மாதிரியைப் பார்த்துப் பார்த்து வெட்டியவை. 1713-இல் ஆட்லர் என்ற வார்ப்புத் தொழிலாளி அவற்றோடு வந்து சேர்ந்தார்.

நம்ம மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இந்த இடம் பிடிக்கும் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஓர் ஈய எழுத்து எப்படி உருவாகிறது? முதலில் எஃகுக் கம்பியின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். அதுதான் பஞ்ச். அதைச் செம்புத் துண்டில் அடித்து இறக்கினால் எழுத்து பள்ளமாகப் பதியும். அந்தச் செம்பைக் கையச்சில் பொருத்தி, உருக்கிய உலோகத்தை ஊற்றி எடுத்தால் ஓர் எழுத்து தயார். வெறும் ஈயம் என்றால் மிருதுவாகி நசுங்கிவிடும். அதனால் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலப்பார்கள். ஆன்டிமனி கலந்தால் கெட்டிப்படும், ஆறும்போது சுருக்கமும் குறையும். ஃபவுண்டரி லேபில் பேட்டர்ன் செய்யும்போது ஷ்ரிங்கேஜ் அலவன்ஸ் விட மறந்து நான் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. எழுத்து வார்ப்பிலோ ஒரு மயிரிழை பிசகினால் வரி முழுக்கக் கோணும். அதுவும் ஆங்கிலம் மாதிரி 26 இல்லை. கி, கீ, கு, கூ என்று ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு. நூற்றுக்கு மேல் வெட்டியாக வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு வந்த எழுத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து அச்சடித்துப் பார்த்தால், எழுத்து ரொம்பப் பெரிது! சின்னச் சின்னப் பிரசுரங்களுக்குப் போதும். புதிய ஏற்பாடு முழுவதையும் அந்த எழுத்தில் அடித்தால் பேப்பர் எங்கே போவது? பேப்பர் ஒவ்வொரு தாளும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும். நான் அச்சகத்தில் 83 பக்கத்தோடு நின்ற அதே நிலைமை. எனக்கு எஃப் 11 இருந்தது. அவர்களுக்கு என்ன இருந்தது?

சீஸ் டப்பா மூடி இருந்தது. சிரிக்காதீர்கள். லண்டன் சங்கத்தார் இவர்கள் சாப்பிடுவதற்காகப் பாலாடைக்கட்டி அனுப்புவது வழக்கம். அது வந்த டப்பாக்களின் மூடி ஈயம். அதை உருக்கி, பொறையாறில் ஆட்லர் சின்ன அளவில் புது எழுத்துகளை வார்த்தார். அளவு மாற்றுவது என்றால் அந்தக் காலத்தில் அதுதான். நூற்றுச் சொச்சம் பஞ்ச்களையும் மறுபடி ஒவ்வொன்றாக வெட்டி, மறுபடி அடித்து, மறுபடி வார்க்க வேண்டும். அந்தச் சின்ன எழுத்தில்தான் 1714-இல் சுவிசேஷங்களும் 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தன. பொறையாறிலேயே ஒரு காகிதப் பட்டறையும் கட்டினார்கள். மையும் இங்கேயே காய்ச்சினார்கள். காகிதப் பட்டறை ரொம்ப நாள் ஓடவில்லை. ஆனாலும் எழுத்து, மை, தாள் மூன்றையும் ஒரே ஊரில் செய்து புத்தகம் போட்டுப் பார்த்துவிட்டார்கள். நம்ம ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஜாப்பை முழுசாக முடித்துக் காட்டுவதற்குள் படும் பாடு நமக்குத் தெரியாதா!

இந்தப் பெருமை முழுவதையும் சீகன்பால்கு ஒருவருக்கே கொடுப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. வார்த்தவர் ஆட்லர். அவர் ஐரோப்பா போயிருந்தபோது அச்சு வேலையை முடித்தவர் உடன் பணியாளர் குருண்ட்லர். எழுத்தே சொல்லிக் கொடுத்த அந்தக் கிழ வாத்தியார் ஐயாவை யாராவது நினைக்கிறோமா? 1714-இல் அவர் ஐரோப்பா போனபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் கூட அழைத்துப் போனார். கப்பலிலேயே லத்தீன் மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். அது 1716-இல் ஹாலேயில் அச்சானது. மரிய டொரத்தியாள் என்பவரை மணந்து அதே வருடம் தரங்கம்பாடிக்குத் திரும்பினார்.

அவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்ப வருத்தம் தந்த இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுத் தெய்வங்கள், கோயில்கள், வழிபாடுகள் பற்றி இங்குள்ளவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு பெரிய நூலை 1713-இல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். தாம் ஒழிக்க வந்ததாக நினைத்த ஒன்றை இவ்வளவு பொறுமையாகக் கேட்டு எழுதியது அங்கிருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. அச்சிட மறுத்துவிட்டார்கள். சொந்தமாக அச்சுக்கூடம் வைத்திருந்த மனிதரின் புத்தகம் அச்சேறாமலே கிடந்தது. 1867-இல்தான் சென்னையில் வெளிவந்தது. எழுதி 154 வருஷம் கழித்து! பென்சிலால் அடிபட இருந்த அந்த முதலாம் ஆண்டுத் தங்கையின் கவிதையை நினைத்துக்கொண்டேன்.

கடைசி வருஷங்கள் நிம்மதியாக இல்லை. தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி 1718 அக்டோபரில் திறந்தார். ஆனால் கோபன்ஹேகனில் பொறுப்பேற்ற புதியவர்கள், கட்டடமும் பள்ளியும் அச்சும் எதற்கு, ஊழியர்கள் ஏழைகளாக ஊர் ஊராக நடந்து பேசினால் போதாதா என்ற ரீதியில் கடுமையான கடிதங்களை அனுப்பினார்கள். ஏற்கெனவே நொந்த உடம்பு. மனசும் நொந்துபோனது. 1719 பிப்ரவரி 23 அன்று காலமானார். வயது 36. தாம் கட்டிய அதே ஆலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் அவர் இருந்தது, ஐரோப்பா போய்வந்த காலத்தையும் சேர்த்து, 13 வருஷத்துக்கும் குறைவு. நம்ம ஊரில் ஒரு பிள்ளை எல்.கே.ஜி. சேர்ந்து பத்தாவது முடிக்கும் காலம்தான்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். இந்த மலர் முழுக்க 12 அளவு எழுத்து. நமக்குப் பரவாயில்லை. அம்மாவிடம் மாதிரிப் பக்கத்தைக் காட்டினேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்குது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாங்க. பஸ் போர்டு, ரேஷன் கடைப் பலகை, சுவர் விளம்பரம் எல்லாம் படிப்பாங்க. புத்தக எழுத்து மட்டும் ஆகாது. ஹாலேயிலிருந்து வந்த அந்தப் பெரிய எழுத்து எங்க அம்மாவுக்குச் சரியாக இருந்திருக்கும்.

அதனால் இந்தக் கட்டுரையை மட்டும் தனி ஃபைலாக எடுத்தேன். பத்தி ஸ்டைலில், மறக்காமல் சி.டி.எல். பக்கத்தில், 12-ஐ 24 ஆக்கினேன். 4 பக்கம் 16 ஆனது. ஜெராக்ஸ் கடையில் பக்கம் 2 ரூபாய் வீதம் 32 ரூபாய். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, திண்ணையில் பல்புக்குக் கீழே உட்கார்ந்து, விரல் வைத்துப் படிக்கிறாங்க. சீகன்பால்கு என்ற பெயரைத் தாண்டவே ஒரு ராத்திரி ஆனது. சுவரில் கரியால் எழுதியதை ஏண்டி எழுதினே என்று ஒரு கேள்வி. நேற்று ராத்திரி ஏழாவது பக்கம். ரியோ டி ஜெனிரோவில் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். மிஷின் தப்பிச்சுதா இல்லையா என்று கேட்டாங்க. நான் சொல்லவில்லை.